சி மொழியில் கேர், அன்சைன்டு கேர்: அந்த வார்னிங் என்ன கேட்கிறது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கோப்பிலிருந்து தமிழ் வரிகளைப் படித்து, அதில் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று எண்ணும் சி புரோகிராம் ஒன்றை இறுதியாண்டு புராஜெக்டுக்காக எழுதியிருக்கிறீர்கள். படித்த பைட்டுகள் தங்கும் இடமான பஃபரை அன்சைன்டு கேர் என்று, அதாவது மைனஸ் எண் இல்லாத ஒரு பைட் வகை என்று, அறிவித்திருக்கிறீர்கள். அதை, உரையின் நீளத்தைப் பைட்டுகளில் எண்ணும் ஸ்டர்லென்னுக்குக் கொடுக்கும் வரியில் ஜிசிசி கம்பைலர் ஒரு வார்னிங் தருகிறது: பாயின்டர்கள் (மெமரி முகவரிகள்) சுட்டும் வகைகள் சைனில், அதாவது மைனஸ் எண்ணையும் பிடிக்குமா (சைன்டு) பிடிக்காதா (அன்சைன்டு) என்பதில், வேறுபடுகின்றன என்று. புரோகிராம் சரியாகத்தான் ஓடுகிறது. லேபில் சார் காஸ்ட் போட, அதாவது அந்த இடத்தில் மட்டும் வகையை மாற்றிக் கொடுக்கச் சொன்னார். ஒரு நண்பர் பஃபரையே வெறும் கேர் ஆக்கிவிடச் சொன்னார். இன்னொருவர் அந்த வார்னிங்கையே அணைத்துவிடச் சொன்னார். நீங்கள் முதல் நண்பர் சொன்னதைச் செய்தீர்கள், வார்னிங் போய்விட்டது. "இரண்டும் ஒரு பைட்தானே, அப்புறம் எதற்கு இந்த வார்னிங்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மூன்று வழிகளில் எதை நம்பிப் புராஜெக்டைக் கொடுக்கலாம் என்பதுதான் அதற்குள் இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் சார் சொன்னதுதான் சரி. நண்பர் சொன்னபடி மாற்றியதில் வார்னிங் போனது உண்மை. கூடவே, முன்பு இல்லாத ஒரு தப்பு உங்கள் புரோகிராமுக்குள் வந்துவிட்டது. அது ஸ்டர்லென் வரியில் இல்லை. நாலு வரி தள்ளி, ஒரு எழுத்து இடைவெளியா என்று பார்க்கும் இஸ்ஸ்பேஸைக் கூப்பிடும் இடத்தில் இருக்கிறது. அங்கே கம்பைலர் வாயே திறக்காது. 22 வருடமாக, சாதனங்களுக்குள் இருக்கும் சிப்புகளுக்குப் புரோகிராம் எழுதும் எம்பெடட் வேலையில் இருக்கிறேன், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆரம்பித்து இப்போது சிறுசேரியில். இந்த ஒரே விஷயத்தில் நல்ல நல்ல ஆட்கள் தடுக்கி விழுவதைப் பார்த்திருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சி தரநிலையில் கேர், சைன்டு கேர், அன்சைன்டு கேர் என்று மூன்று தனித்தனி வகைகள் உண்டு. முழு எண்ணுக்கான வகையை இன்ட் என்று எழுதினாலும் சைன்டு இன்ட் என்று எழுதினாலும் ஒன்றுதான். கேர் அப்படி இல்லை. வெறும் கேர் மற்ற இரண்டில் ஏதோ ஒன்றைப் போல நடந்துகொள்ளும். எதைப் போல என்பதை ஒவ்வொரு கம்பைலரும் தானே முடிவு செய்து, தன் ஆவணத்தில் எழுதிவைக்க வேண்டும். ஆனால் எதைப் போல நடந்தாலும், வகை என்று பார்த்தால் அது மூன்றாவது ஆள்தான். அதனால் வெறும் கேர் அன்சைன்டாக இருக்கும் மெஷினில்கூட ஜிசிசி இதே வார்னிங்கைக் கொடுக்கும். சி++ ஆக இருந்தால் இது வார்னிங்கோடு நிற்காது, எரராகவே வந்து கம்பைல் நின்றுவிடும்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் கோபம் கொஞ்சம் குறையும். சி வளர்ந்த பிடிபி-11 மெஷினில், ஒரு பைட்டை ரெஜிஸ்டருக்குள் (சிப்பின் உள்ளே கணக்கு நடக்கும் இடம்) கொண்டுவரும் கட்டளை அதன் மேல் பிட்டை அப்படியே இழுத்து மீதி இடத்தை நிரப்பிவிடும். அங்கே கேர் மைனஸ் எண்ணையும் பிடிப்பதுதான் இயல்பு. ஐபிஎம் 370-இல் இருந்த எழுத்துக் குறியீடு எப்சிடிக். அதில் ஆங்கிலப் பெரிய ஏ எழுத்தின் எண் 193. அடிப்படை எழுத்துகள் எதுவும் மைனஸில் போகக் கூடாது என்பது சி விதி. அப்படியானால் 8 பிட் கேர் அங்கே அன்சைன்டாகத்தான் இருந்தாக வேண்டும். 1989-இல் தரநிலை வந்தபோது இரண்டு பக்கமும் ஏற்கெனவே நிறையக் கோடு (புரோகிராம் வரிகள்) எழுதியாகிவிட்டது. அதனால் யாரையும் தப்பு என்று சொல்லாமல், வேண்டியவர்கள் வெளிப்படையாக எழுதிக்கொள்ளட்டும் என்று சைன்டு என்ற சொல்லை மொழிக்குள் சேர்த்தார்கள். இன்றைக்கும் நிலைமை அதுதான். உங்கள் இன்டெல் லேப்டாப்பில் ஜிசிசிக்கு கேர் சைன்டு. லினக்ஸ் ஓடும் ராஸ்பெரி பையில், அதாவது ஆர்ம் சிப்பில், அன்சைன்டு. ஆப்பிளின் மேக்கில் இருப்பதும் ஆர்ம் சிப்தான், ஆனால் அங்கே சைன்டு.

ஆங்கிலம் மட்டும் கையாளும் ஒருவர் ஆயுள் முழுக்க இதைப் பார்க்காமலே போய்விடலாம், ஆங்கிலத்துக்கான ஆஸ்கி குறியீட்டின் எழுத்துகள் எல்லாம் 128-க்குக் கீழே முடிந்துவிடுகின்றன. நமக்கு அந்த வசதி இல்லை. 'அம்மா' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு ஐந்து குறிகள்: அ, ம, புள்ளி, ம, கால். அந்தக் குறிகளைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட், ஆக ஸ்டர்லென் 15 என்று சொல்லும். முதல் எழுத்தான 'அ' கோப்பில் 224, 174, 133 என்ற மூன்று பைட்டுகளாக இருக்கிறது. அதே மூன்றையும் சைன்டு கேராகப் படித்து அச்சிட்டுப் பாருங்கள்: -32, -82, -123. பிட்டுகள் ஒன்று கூட மாறவில்லை, ஆனால் எண்கள் வேறு. தமிழ் எழுத்து எதுவானாலும் அதன் ஒவ்வொரு பைட்டும் 128 அல்லது அதற்கு மேல்தான். அதனால் உங்கள் இன்டெல் லேப்டாப்பில் வெறும் கேர் பஃபருக்குள் வரும் தமிழின் பைட்டுகள் எல்லாமே மைனஸ்.

இப்போது இஸ்ஸ்பேஸுக்கு வருவோம். இஸ்ஸ்பேஸ், இஸ்ஆல்ஃபா, டூஅப்பர் என்று அந்தக் குடும்பம் முழுவதற்கும் ஒரே நிபந்தனை: கொடுக்கும் எண் அன்சைன்டு கேருக்குள் அடங்குவதாக இருக்க வேண்டும், அதாவது வழக்கமான மெஷின்களில் 0 முதல் 255 வரை. இல்லாவிட்டால் கோப்பு முடிந்ததைச் சொல்லும் இஓஎஃப் ஆக இருக்க வேண்டும். வேறு எதைக் கொடுத்தாலும் என்ன நடக்கும் என்று தரநிலை எந்த உறுதியும் தரவில்லை. பஃபர் அன்சைன்டு கேராக இருந்தவரை நீங்கள் 224 கொடுத்தீர்கள், சரியாக இருந்தது. வெறும் கேர் ஆக்கியதும் -32 கொடுக்கிறீர்கள். உபுன்டுவில் ஓடுகிறதே என்பீர்கள். ஓடத்தான் செய்யும். அங்கிருக்கும் கிளிப்சி நூலகம் இப்படி எழுதுகிறவர்களை முன்கூட்டியே நினைத்து, எந்த எண் எந்த வகை எழுத்து என்று சொல்லும் தன் அட்டவணையை -128 வரை நீட்டி வைத்திருக்கிறது. விஷுவல் ஸ்டூடியோவின் டீபக் பில்டில் (தப்பைத் தேடுவதற்கான பில்ட்) இதே வரியில் அசெர்ஷன் என்ற உள்சோதனை தோற்று, புரோகிராம் நின்றுவிடும். அட்டவணையை 0-இலிருந்து மட்டும் வைத்திருக்கும் நூலகமாக இருந்தால், அதற்கு முன்னால் மெமரியில் என்ன கிடக்கிறதோ அதைப் படிக்கும்.

கேர் வகையை அரே இன்டெக்ஸாக, அதாவது அட்டவணையில் எத்தனையாவது இடம் என்று சொல்லும் எண்ணாக, பயன்படுத்தினால் சொல்ல ஜிசிசியிடம் ஒரு வார்னிங் இருக்கத்தான் செய்கிறது, வழக்கமான வார்னிங்குகளைக் கேட்கும் டபிள்யூ-ஆல் கொடியைப் போட்டாலே அது வரும். ஆனால் இஸ்ஸ்பேஸுக்காகக் கிளிப்சி வைத்திருக்கும் மேக்ரோ உள்ளுக்குள் அதை இன்ட்டாகக் காஸ்ட் செய்துவிடுவதால் இந்த வரியில் அதுவும் வருவதில்லை. உங்களை எச்சரித்த ஸ்டர்லென் வரியில் ஆபத்து எதுவும் இல்லை, ஆபத்து இருக்கும் வரியில் எச்சரிக்கை இல்லை. வார்னிங் எண்ணிக்கை பூஜ்யம் ஆனதை வைத்துக் கோடு சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

எங்கள் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். 2000-களின் நடுவில், மளிகைக் கடைகளுக்கு பில் மெஷின் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் இருந்தேன். அந்தச் சின்ன மெஷினில் யூனிகோடு கிடையாது. 128-க்குக் கீழே ஆங்கிலம், மேலே தமிழ் என்று எங்களுக்கென்று ஒரு 8 பிட் அட்டவணை. அந்தக் காலத்தில் டிஸ்கி, டாப் போன்ற தமிழ்க் குறியீடுகளும் தமிழை அந்த மேல் பாதியில்தான் வைத்திருந்தன. ஒவ்வொரு எழுத்தும் 16-க்கு 24 புள்ளி, அதாவது 48 பைட். பழைய சிப் கிடைப்பது கஷ்டமானதும் வேறு சிப்புக்கு மாறினோம், கம்பைலரும் மாறியது. பத்து நாளில் வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு கடைக்காரர் போன் செய்தார். "தம்பி, கடைப் பேரு வர்ற எடத்துல பூச்சி பூச்சியா வருது." நேரில் போய்ப் பார்த்தேன். தொகை சரி, எடை சரி, தேதி சரி. பில்லின் மேலே கடைப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கறுப்புப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன.

பிரின்டரில்தான் கோளாறு என்று நினைத்தோம். ரிச்சி தெருவில் கேபிள் வாங்கி மாற்றினோம், பிரின்ட் ஹெட்டையும் மாற்றினோம். மூன்று நாள் போனது. கடைசியில் நாலைந்து பில்களை மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: ஒரு குறிப்பிட்ட எழுத்து வரும் இடத்தில் எல்லாம் அதே பூச்சி, அச்சு அசலாக. பிரின்டர் கோளாறு இவ்வளவு ஒழுங்காக வராது. அந்த எழுத்தின் எண் 169. புதிய கம்பைலரில் கேர் சைன்டு, ஆகவே அது -87. எழுத்து அட்டவணையின் தொடக்கத்திலிருந்து முன்னோக்கிப் போக வேண்டியது, 87 முறை 48, அதாவது 4176 பைட் பின்னோக்கிப் போய், அங்கே இருந்த மெனு வாசகங்களை எழுத்தின் வடிவம் என்று எடுத்து அச்சிட்டிருக்கிறது. ஒரே ஒரு இடத்தில் அன்சைன்டு என்று சேர்த்தோம், கடைப் பெயர் வந்துவிட்டது. அப்புறம் பழைய பில்ட் பதிவைத் தேடி எடுத்தேன். அரே இன்டெக்ஸ் கேர் வகையில் இருக்கிறது என்ற வார்னிங் முதல் நாளிலிருந்தே அதில் இருந்தது, நூற்றுக்கணக்கான மற்ற வார்னிங்குகளுக்கு நடுவில். பார்க்க வேண்டியவன் நான்தான். அந்தக் கடைக்காரர் மூன்று நாள் பில்லில் பெயரைப் பேனாவால் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இதே தப்பு தலைகீழாகவும் வரும். உங்கள் கல்லூரி லேபில் ராஸ்பெரி பை இருந்தால் இதைக் கவனியுங்கள். ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கும் கெட்கேரின் விடையையோ, கட்டளை வரியின் தேர்வுகளைப் படிக்கும் கெட்ஆப்டின் விடையையோ வெறும் கேரில் வாங்கி, -1-உடன் ஒப்பிட்டு லூப்பை நிறுத்துவது நிறையப் பேரின் பழக்கம். கேர் அன்சைன்டாக இருக்கும் ஆர்ம் லினக்ஸில் -1 உள்ளே போனதும் 255 ஆகிவிடும், லூப் நிற்கவே நிற்காது. லேப்டாப்பில் கெட்ஆப்ட் லூப் ஒழுங்காக நிற்கும். கெட்கேர் லூப் கோப்பில் 255 என்ற பைட் வந்தால் பாதியிலேயே நின்றுவிடும். அந்த ஃபங்ஷன்கள் இன்ட் திருப்பித் தருவதே இதற்காகத்தான், இன்ட்டிலேயே வாங்குங்கள்.

சரி, காஸ்ட் போடுவது ஏன் பாதுகாப்பு? அன்சைன்டு கேர் பாயின்டரைக் கேர் பாயின்டராகக் காஸ்ட் செய்தால் பைட்டுகள் மாறுவதில்லை. இரண்டுக்கும் அளவும் அலைன்மென்ட்டும் (மெமரியில் எந்த முகவரிகளில் அமரலாம் என்ற விதி) ஒன்று. எந்தப் பொருளின் பைட்டுகளையும் கேர் வகைகள் வழியாகப் படிக்கலாம் என்று தரநிலையே அனுமதிக்கிறது. இரண்டு உரைகளை ஒப்பிடும் ஸ்டர்சிஎம்பி கூடத் தன்னிடம் வரும் பைட்டுகளை அன்சைன்டாக எடுத்துக்கொண்டுதான் ஒப்பிட வேண்டும் என்பது விதி. இது வரை சொன்னதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாயின்டரை விட்டு மதிப்பையே மாற்றும்போதுதான் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். 224 என்ற எண்ணைச் சைன்டு கேருக்குள் போட்டால் -32 கிடைக்கும் என்பது ஜிசிசி தன் ஆவணத்தில் கொடுக்கும் வாக்கு. நான் பயன்படுத்திய எல்லாக் கம்பைலர்களிலும் அப்படித்தான் கிடைத்தது. தரநிலையோ அதைக் கம்பைலரின் முடிவுக்கு விட்டிருக்கிறது. ஆகவே நீங்கள் இதுவரை தொடாத ஒரு மைக்ரோகன்ட்ரோலரின் கம்பைலரில் வேலை செய்தால் அதன் கையேட்டைத் திறந்து பாருங்கள், என் அனுபவத்தை நம்பாதீர்கள்.

காஸ்ட் போடும்போது நிறையப் பேர் செய்யும் ஒரு தவறு: இஸ்ஸ்பேஸுக்குக் கொடுக்கும் கேரை அன்சைன்டு இன்ட் என்று காஸ்ட் செய்துவிடுவார்கள். அன்சைன்டு என்ற சொல் இருக்கிறதே என்ற நிம்மதி. ஆனால் -32 அப்போது 4294967264 ஆகிவிடும். காஸ்ட் அன்சைன்டு கேர் என்றுதான் இருக்க வேண்டும், அப்போதுதான் 224 திரும்பக் கிடைக்கும்.

நீங்கள் மேற்கொண்டு பெரிய நூலகங்களோடு வேலை செய்யும்போது இந்த வார்னிங்கை அடிக்கடி சந்திப்பீர்கள். குறியாக்க நூலகமான ஓபன்எஸ்எஸ்எல்-இல் ஹாஷ் ஃபங்ஷன்கள் அன்சைன்டு கேர் பாயின்டர் கேட்கும். தரவுத்தள நூலகமான எஸ்கியூலைட்டில் ஒரு நெடுவரிசையின் உரையைக் கேட்டால் அன்சைன்டு கேராகத் தரும். எக்ஸ்எம்எல் கோப்புகளைப் படிக்கும் லிப்எக்ஸ்எம்எல்2 தன் எழுத்து வகையையே அன்சைன்டு கேராக வைத்துக்கொண்டு, காஸ்ட் செய்வதற்கென்றே ஒரு மேக்ரோவும் கொடுத்திருக்கிறது; அதன் பெயரே 'பேட் காஸ்ட்'. இந்த எல்லைகளில் ஒரு காஸ்ட் போடுவது தப்பே இல்லை. அந்த இடத்தில் வார்னிங் உங்களைக் கேட்பது ஒன்றுதான்: கையில் இருப்பது உரையா, பைட்டுகளா? தெரிந்துதான் மாற்றுகிறேன் என்று காஸ்ட் பதில் சொல்கிறது. நான் கடைப்பிடிக்கும் வழக்கம் இது: நூலக ஃபங்ஷன்களுக்குப் போகும் உரை வெறும் கேர், கோப்பு, நெட்வொர்க், சென்சார் என்று வெளியிலிருந்து வரும் பைட்டுகள் அன்சைன்டு கேர், சின்ன எண்களுக்கு வெறும் கேரை எப்போதும் பயன்படுத்துவதில்லை, சைன்டா அன்சைன்டா என்று எழுதிவிடுவேன்.

வார்னிங்கை அணைக்கச் சொன்ன நண்பரையும் முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே பல வருடமாக இந்த ஒரு வார்னிங்கை அணைத்துத்தான் கம்பைல் ஆகிறது, ஏனென்றால் இது அடிக்கடி வந்து அபூர்வமாகவே பயன்படுகிறது. ஆனால் அவர்கள் அதோடு விடவில்லை என்பதையும் பாருங்கள். 2023-இல் வந்த 6.2 பதிப்பிலிருந்து, கேர் எல்லா மெஷினிலும் அன்சைன்டாகவே இருக்கும்படி எஃப்-அன்சைன்டு-கேர் என்ற கொடியைக் கெர்னல் முழுவதற்கும் போட்டுவிட்டார்கள். அந்தக் கொடி உங்கள் இஸ்ஸ்பேஸ் பிரச்சினையையும் தீர்க்கும். ஆனால் சரியாக ஓடுவது அப்போது, எப்படிக் கம்பைல் செய்ய வேண்டும் என்று எழுதிவைக்கும் மேக்ஃபைலில் இருக்கும் ஒரு சொல்லை நம்பியிருக்கும். உங்கள் கோப்பை மட்டும் காப்பி செய்து, கொடி இல்லாமல் கம்பைல் செய்யும் ஜூனியர் பழையபடி மாட்டிக்கொள்வார். மாணவர் புராஜெக்டுக்கு இரண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து. இதில் வேறு கருத்து உள்ளவர்களும் நியாயமானவர்கள்தான்.

இனி உங்கள் கோடு. நீங்கள் ஒட்டியிருந்த 12 வரிகளை மட்டும்தான் பார்த்திருக்கிறேன், மீதியைப் பார்க்காமல் முழுதும் சரி என்று சொல்ல முடியாது. பஃபரைப் பழையபடி அன்சைன்டு கேர் ஆக்குங்கள், இஸ்ஸ்பேஸ் வரி தானாகச் சரியாகிவிடும். லொக்கேலை (மொழி, நாடு அமைப்பு) மாற்றாதவரை அது ஸ்பேஸ், டாப், புதுவரி முதலிய ஆறு எழுத்துகளை மட்டுமே இடைவெளி என்று சொல்லும், தமிழ்ப் பைட் எதையும் சொல்லாது. அடுத்து, நீங்கள் கோப்பை எஃப்ரீடில் படிக்கிறீர்கள். அது எந்த வகையையும் ஏற்கும் வாய்ட் பாயின்டர் வாங்குவதால் அங்கே வார்னிங் வரவில்லை. ஆனால் உரை முடிந்தது என்று ஸ்டர்லென்னுக்குச் சொல்லும் பூஜ்ய பைட்டை எஃப்ரீட் கடைசியில் வைக்காது, அதை நீங்கள் வைத்ததாக அந்த 12 வரிகளில் காணவில்லை. வைக்காமல் இருந்தால் ஸ்டர்லென் பஃபரைத் தாண்டி ஓடும். எத்தனை பைட் படித்தேன் என்று எஃப்ரீட் தானே திருப்பித் தருகிறது. அதை ஒரு மாறியில் வாங்கி லூப்பின் எல்லையாக வைத்துக்கொண்டால் ஸ்டர்லென்னே தேவையில்லை, காஸ்ட்டும் தேவையில்லை, வார்னிங்கும் இருக்காது. ஒரு சொல் இரண்டு முறை படிப்பதற்கு நடுவில் வெட்டுப்பட்டால் அதை இரண்டாக எண்ணுகிறதா என்றும் பாருங்கள். மாற்றிய பிறகு முழுக் கோடையும் இங்கேயே ஒட்டுங்கள், வார இறுதியில் பார்த்துச் சொல்கிறேன்.